நம் கட்டடங்களும் வெயிலும்: ஒரு சின்ன வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று நம் பக்கத்தில் எங்கே திரும்பினாலும் கட்டட வேலை நடக்கிறது. என்னிடம் படித்தவர்களில் பலர் நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள். ஒருவர் கிளினிக் கட்டுகிறார். ஒருவர் அப்பாவின் மளிகைக் கடையை இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்புகிறார். இன்னொருவர் கல்யாண மண்டபம். எல்லோரிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பிளானில் சோலார் எங்கே இருக்கிறது?" பெரும்பாலும் வருகிற பதிலும் ஒன்றுதான்: "அதெல்லாம் கட்டி முடிச்சப்புறம் மேலே போட்டுக்கலாம் டீச்சர்."

இந்தப் பதிவு அந்தப் பதிலைப் பற்றியது. நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலும் சமூக அறிவியலும் நடத்தியவள். ஆனால் வெயிலுக்கும் கட்டடத்துக்கும் உள்ள உறவின் வரலாற்றைப் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. வெயிலை என்ன செய்வது என்பதைப் படம் போடுகிற நாளிலேயே முடிவு செய்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றவர்கள் கட்டடம் நிற்கும் காலமெல்லாம் கரண்ட் பில் கட்டினார்கள்.

முதலில் பழைய கதை. திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், உயரமான ஓட்டுக் கூரை. உங்களில் பலருடைய தாத்தா வீட்டில் இவை இருந்திருக்கும். வெயில் சுவரில் நேராக அடிக்காமல் தாழ்வாரம் பார்த்துக்கொண்டது. சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போக, வாசல் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வந்தது. மெட்ராஸ் டெரஸ் என்று நம் ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட ஒரு தளமும் உண்டு. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டிப்பார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். பகல் வெயில் அந்தத் தளத்தைத் தாண்டி அறைக்குள் இறங்க நேரம் பிடிக்கும்.

நம் தாம்பரத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1928ஆம் ஆண்டு டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943ல்தான். சுத்தமான காற்று, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. இங்கிலாந்தில் இந்தத் திறந்தவெளிச் சிகிச்சையை நடத்திப் பெயர் பெற்றவர் அவர். நெரிசலான நகரத்தை விட்டுத் தாம்பரத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்த ஊரின் காற்றும் வெளியும்தான். எந்தப் பக்கம் காற்று வரும், எந்தப் பக்கம் வெயில் விழும் என்பது அங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. 1937ல் அந்த மருத்துவமனையை அரசு எடுத்துக்கொண்டது. இன்று ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்றுதான் பெயர்.

1931ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய மீட்டர் கேஜ் ரயில் அது. அந்த ரயில்தான் நம் ஊரை நகரத்தோடு கட்டிப்போட்டது. 1937ல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே இடம் மாறியது. பிறகு குடியிருப்புகள், 1984ல் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ், கடைகள், இப்போது மாநகராட்சி. கம்பி வழியாக மின்சாரம் வந்த பிறகு, முன்பு கட்டடம் செய்துவந்த வேலையை ஒவ்வொன்றாக மின்சாரத்திடம் ஒப்படைத்தோம். முற்றம் போய் ஃபேன் வந்தது. தாழ்வாரம் போய் ஏ.சி. வந்தது.

எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்டா விடுதியைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் கட்டி முடித்தார்கள். அன்டோனின் ரேமண்ட், ஜார்ஜ் நகாஷிமா என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களின் வேலை. கான்கிரீட் கட்டடம்தான். ஆனால் வடக்கு முகத்திலும் தெற்கு முகத்திலும் கண்ணாடி ஜன்னல் கிடையாது. சுவர் உயரத்துக்கும் படுக்கைவசத்தில் கான்கிரீட் பலகைகள். வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். காற்று வரும், வெயில் வராது.

இதற்கு நேர் எதிரான கட்டடங்களை நாம் நம் காலத்தில் பார்த்தோம். 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதற்குப் பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுக அலுவலகங்கள் எழுந்தன. குளிர்நாடுகளில் வெயிலை உள்ளே வரவழைக்கக் கண்டுபிடித்த கண்ணாடிச் சுவரை, வெயில் வேண்டாத ஊரில் பல மாடிகளுக்கு நிறுத்தினோம். வெயிலை உள்ளே விட்டுவிட்டு, அதை வெளியேற்ற ஏ.சி. போட்டோம். நம் ஜி.எஸ்.டி. சாலையில் நடந்தது இன்னும் வேடிக்கை. சன்ஷேடும் ஜாலியும் வைத்துக் கட்டிய பழைய கடைகளின் முகப்பில் எலிவேஷன் என்ற பெயரில் பளபளவென்று ஏ.சி.பி. ஷீட் அடித்து ஜன்னல்களையே மூடிவிட்டார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே டியூப்லைட் எரிகிறது.

இப்போது சோலாரின் கதைக்கு வருவோம்.

வெளிச்சத்திலிருந்து மின்சாரம் வரும் என்பது பழைய செய்தி. 1880களிலேயே அமெரிக்காவில் சார்லஸ் ஃபிரிட்ஸ் என்பவர் செலினியத்தின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு பூசித் தகடு செய்து நியூயார்க்கில் ஒரு கூரைமேல் வைத்தார். விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் மின்சாரமானது. நாம் இன்று பயன்படுத்தும் சிலிக்கான் வகை 1954 ஏப்ரலில் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவரின் உழைப்பு. நூற்றில் ஆறு பங்கு. அதை வைத்து ஒரு பொம்மை ராட்டினத்தைச் சுற்றவிட்டுக் காட்டினார்கள். விலை அதிகம் என்பதால் முதலில் விண்வெளிக்குத்தான் போயிற்று. 1958ல் வான்கார்டு 1 என்ற செயற்கைக்கோளில் சோலார் செல் பொருத்தி அனுப்பினார்கள். நம் நாட்டில் சாகிபாபாத்தில் உள்ள பொதுத்துறை நிறுவனமான சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் 1977ல் முதல் சோலார் செல்லையும் 1978ல் முதல் பேனலையும் செய்தது. இன்று கடையில் கிடைக்கும் பேனல்கள் நூற்றில் இருபது பங்கைத் தாண்டுகின்றன.

பேனலைத் தனிப் பொருளாகப் பார்க்காமல் கட்டடத்தின் ஓர் உறுப்பாகவே செய்தால் என்ன என்ற யோசனை 1990களில் வேகம் பிடித்தது. 1991ல் ஜெர்மனியின் ஆஹன் நகரில் மின்வாரியக் கட்டடம் ஒன்றின் முகப்பிலேயே சோலார் கண்ணாடிகளைப் பதித்தார்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 48 மாடிக் கட்டடம் ஒன்று 1999 வாக்கில் முடிந்தது. அதன் மேல் மாடிகளில் தெற்கு, கிழக்கு முகங்களில் சாதாரணக் கண்ணாடிக்குப் பதில் மின்சாரம் தரும் கண்ணாடியைப் போட்டார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962ல் கட்டிய ஒரு காப்பீட்டு நிறுவனக் கோபுரத்தின் மேல் ஒட்டியிருந்த சின்னச் சின்ன மொசைக் ஓடுகள் உதிர்ந்துகொண்டே இருந்தன. எப்படியும் சுவருக்குப் புது மேல்சட்டை போட்டாக வேண்டும். அதைச் சோலார் பேனலாலேயே போட்டார்கள். 2005ல் அந்தச் சுவர் மின்சாரம் தர ஆரம்பித்தது. 7,000க்கும் அதிகமான பேனல்கள்.

நம் பக்கத்தில் ஆரோவில்லைச் சொல்ல வேண்டும். அங்கே 1997ல் திறந்த சமையல் கூடத்தின் பெயரே சோலார் கிச்சன். கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள பெரிய கிண்ணம் ஒன்று, உள்பக்கம் முழுவதும் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர, குவியும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் குழாய்தான் நகரும். அதில் உருவாகும் நீராவியில் ஆயிரம் பேர் அளவுக்குச் சமையல் செய்யலாம். இது மின்சாரம் தரும் பேனல் இல்லை, வெப்பம் தரும் ஏற்பாடு. ஆனால் கட்டி முடித்த கட்டடத்தின்மேல் அந்தக் கிண்ணத்தை ஏற்றி வைத்திருக்க முடியாது. கூரையே கிண்ணத்தைத் தாங்குவதற்காகப் பிறந்தது.

டெல்லியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரண் பவன் 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. வடக்கும் தெற்கும் பார்த்த இரண்டு கட்டடங்கள், நடுவில் பெரிய முற்றம். நம் தாத்தா வீட்டு முற்றம்தான்! மேலே 930 கிலோவாட் பேனல்கள். அவை மாடியின் விளிம்போடு நிற்காமல் வெளியே நீட்டிக்கொண்டு, கட்டடத்துக்குப் பெரிய குடை பிடித்ததுபோல் இருக்கும். ஒரு வருடத்துக்குத் தேவையான மின்சாரத்தை அந்தக் குடையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். அதற்காக முதலில் தேவையைக் குறைத்தார்கள். பகலில் பெரும்பகுதி அறைகளுக்கு இயற்கை வெளிச்சமே போதும்படி கட்டினார்கள். முற்றமும் வெளிச்சமும் பாதி வேலையைச் செய்ததால் மீதியைக் குடை பார்த்துக்கொண்டது.

இந்த உதாரணங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆஹனில் பேனல் முகப்பாக வேலை செய்தது. மான்செஸ்டரில் சுவரின் மேல்சட்டை. டெல்லியில் குடை. வேறு எப்படியும் செலவு செய்யவேண்டிய ஒரு வேலையைப் பேனல் ஏற்றுக்கொண்டது. நமக்கு வேண்டிய பாடம் இதுதான்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2011ல் முதலமைச்சரின் சூரிய சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடி வீடு, ஐந்து சோலார் விளக்குகள், ஒரு வீட்டுக்கு ரூ. 1.80 லட்சம், ஆண்டுக்கு 60,000 வீடுகள். கிராமத்து ஏழையின் வீட்டுக்குப் பிளானிலேயே சோலார் இருந்தது. அதே நேரத்தில் நகரத்தில் எழுந்த நான்கு மாடி ஜவுளிக் கடையின் பிளானில் அது இல்லை. 2012 நினைவிருக்கிறதா? சென்னையில் முறைவைத்து இரண்டு மணி நேரம் மின்வெட்டு, வெளி மாவட்டங்களில் பாதி நாள் இருட்டு. கடை வாசல்தோறும் ஜெனரேட்டர் புகை. அந்த அக்டோபரில்தான் சூரிய மின்சக்திக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2015க்குள் 3,000 மெகாவாட் என்றார்கள். குறித்த காலத்தில் எட்டவில்லை. 2016ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தது. அதற்குச் சுமார் 2,500 ஏக்கர் நிலம். தாம்பரத்தில் அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது? நமக்கு இருப்பது மொட்டை மாடிதான். 2019ல் வந்த புதிய கொள்கை, 2023க்குள் 9,000 மெகாவாட் என்று சொல்லி, அதில் 40 சதவீதம் மின்சாரம் பயன்படுத்துவோரின் இடங்களிலிருந்தே வரவேண்டும் என்றது.

ரயில்வே இதைப் புரிந்துகொண்டது. சென்னை சென்ட்ரலில் நடைமேடைக் கூரைகளின் மேல் 1.5 மெகாவாட் பேனல்கள். பகல் நேரத் தேவை முழுவதும் அதிலிருந்தே கிடைக்கிறது என்று 2021ல் அறிவித்தார்கள். எழும்பூர்–செங்கல்பட்டு மார்க்கத்திலும் சில நிலையங்களில் பேனல்கள் வந்தன. கூரை ஏற்கனவே இருக்கிறது, தேவையும் பகலில் இருக்கிறது. இரண்டும் பொருந்தியது.

கட்டட விதிகளும் வந்துவிட்டன. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது மொட்டை மாடியில் மூன்றில் ஒரு பங்கைச் சோலாருக்கு ஒதுக்கச் சொல்கிறது சி.எம்.டி.ஏ. இங்கேதான் எனக்கு 2003 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மனசு வைத்துச் செய்தவர்களின் கிணற்றில் தண்ணீர் ஏறியது. அதிகாரி வந்தால் காட்டுவதற்காக ஒரு பைப்பைத் தரையில் செருகி வைத்தவர்களும் உண்டு. சோலார் விதிக்கும் அந்தக் கதி வரக்கூடாது. பிளானில் மூன்றில் ஒரு பங்கைக் கோடு போட்டுக் காட்டிவிட்டு, அதே இடத்தில் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டை வரிசையாக நிறுத்தினால் விதியும் காகிதம், கோடும் காகிதம்.

எங்கள் உறவில் ஒருவருடைய கடைக் கட்டடம். கட்டி முடித்து இரண்டு வருடம் கழித்து சோலார் போட்டார்கள். தென்மேற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் லிஃப்ட் ரூம். மத்தியானம் மூன்று மணிக்குள் தொட்டியின் நிழல் பேனல் வரிசையில் விழுந்துவிடுகிறது. பேனல்கள் ஒன்றோடொன்று கோத்து இருப்பவை. காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாகப் போகும்போது முன்னால் ஒருவன் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் தேங்குவார்கள் அல்லவா, அதுபோல ஒரு பேனலில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே இழுத்துவிடுகிறது. போதாததற்கு, ஸ்டாண்டை நிறுத்தத் தளத்தில் துளை போட்டதால் மழைக்கு ஒழுகுகிறது. பேனலைக் குறை சொல்லிப் பயனில்லை. இடம் கொடுக்காத வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது அது.

இப்போது கணக்குப் போடுவோம். கணக்கு என்றதும் ஓடாதீர்கள்! ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் இல்லாத சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் ஊரில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஒரு கிரவுண்டில் கட்டிய கட்டடத்துக்கு 1,500 சதுர அடி மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே திட்டமிட்டு, தொட்டியையும் லிஃப்ட் ரூமையும் வடக்கே தள்ளி, பேனலை உயரத்தில் கூரையாக நிறுத்தினால் 1,200 சதுர அடி கிடைக்கும். 12 கிலோவாட், நாளுக்கு 48 யூனிட். கட்டிய பிறகு போட்டால் நிழல்படாத இடம் 500 சதுர அடிதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோவாட், 20 யூனிட். வித்தியாசம் நாளுக்கு 28 யூனிட். பேனலின் ஆயுள் 25 வருடம். 28ஐ 365ஆலும் 25ஆலும் பெருக்கினால் 2,55,500 யூனிட். பேனலுக்கு வயதாக ஆகக் கொஞ்சம் குறையும் என்றாலும் இரண்டு லட்சத்துக்குக் கீழே போகாது. தொட்டியை எந்த மூலையில் வைப்பது என்று மேஸ்திரி ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவின் விலை இது.

வெளிநாட்டுக் கட்டடங்களை அப்படியே பார்த்து எழுதுவதும் தவறு. மான்செஸ்டரில் சூரியன் தாழ்வாக வரும், அதனால் சுவரில் நன்றாக வெயில் விழும். நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 13 டிகிரியில். ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வரும். குச்சியை நட்டால் நிழலே விழாது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த நான்கு மாதம் தெற்குச் சுவரில் நண்பகல் வெயில் நேராகப் படாது. ஆகையால் நமக்குச் சுவரைவிடக் கூரைதான் முக்கியம். தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி வரை லேசான சாய்வு போதும். அடுத்தபடி, மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு மேல் சாய்வான சன்ஷேடாகப் பேனலை நீட்டலாம். சாயங்கால வெயிலை அது வெளியிலேயே பிடித்துக்கொள்ளும். உற்பத்தி மாடியைவிடக் குறைவுதான். ஆனால் உள்ளே ஏ.சி.க்கும் வேலை குறையும்.

வெயில் அதிகம் என்றால் மின்சாரமும் அதிகம் என்று நினைக்காதீர்கள். பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் பேனலின் சூடு ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.4 சதவீதம் குறையும். நம் ஊர் வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் போயிற்று. எனவே பேனலுக்குப் பின்னால் காற்று போய்வர இடைவெளி வேண்டும். இந்த விஷயங்களை அளந்து சொல்லவே நம் பக்கத்தில் ஒரு நிறுவனம் இருக்கிறது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை நிறுவனம்தான் அது. பெயரில் காற்று இருந்தாலும், 2011ல் நாடு முழுவதும் 51 இடங்களில் வெயிலை அளக்கும் நிலையங்களை அமைத்தவர்கள் அவர்கள்தான்.

கட்டப்போகிற பிள்ளைகளுக்காகச் சில குறிப்புகள். தளத்துக்குக் கான்கிரீட் போடும்போதே ஸ்டாண்டுக்கான சின்னத் தூண்களையும் சேர்த்து வார்த்துவிடுங்கள். பிறகு துளை போட வேண்டாம். மாடியிலிருந்து மெயின் போர்டு வரை ஒயர் இறங்கத் தனிக் குழாய் விடுங்கள். பேனலை எட்டு ஒன்பது அடி உயரத்தில் நிறுத்தினால் கீழே நிழல் கிடைக்கும். மண்டபம் என்றால் பந்தி போடலாம், கிளினிக் என்றால் காத்திருக்கும் இடம், வீட்டோடு கடை என்றால் ஓரத்து வெயிலில் வடாமும் காய வைக்கலாம். உயரம் கூடினால் காற்றின் இழுப்பும் கூடும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலை மறக்காதீர்கள். வண்டலூர் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஆகவே ஸ்டாண்டின் கணக்கை வெல்டரிடம் விடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். இன்வெர்ட்டரைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தின் மானியம், அதிகபட்சம் ரூ. 78,000, வீடுகளுக்கு மட்டும். கடைக்குக் கிடையாது. வருமான வரியில் தேய்மானச் சலுகை உண்டு, அதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். நம்மிடமிருந்து மின்வாரியத்துக்குப் போகும் யூனிட்டுக்கு, வணிக இணைப்பில், நாம் வாங்கும் விலை கிடைக்காது. மிகவும் குறைவாகவே கிடைக்கும். எனவே பகலில் எவ்வளவு செலவழிக்கிறீர்களோ அந்த அளவுக்குப் போடுவதுதான் லாபம். வீட்டில் பகலில் ஆள் இல்லை, ராத்திரிதான் செலவு. கடை, ஆபீஸ், கிளினிக், பள்ளிக்கூடம் எல்லாம் வெயில் அடிக்கும்போதே இயங்குபவை. சோலாருக்கு மிகவும் பொருத்தமான கட்டடங்களே இவைதான்.

கடைசியாக ஒன்று. நம் தென்சென்னைக் கடைகளின் குளிர்ச்சிக்கு மின்சாரம் எங்கிருந்தோ வருகிறது. அந்த எங்கிருந்தோவில் வடசென்னையும் உண்டு. எண்ணூரில் 1970லிருந்து இயங்கிய பழைய அனல்மின் நிலையத்தை 2017ல் மூடினார்கள். வடசென்னை அனல்மின் நிலையம் இன்னும் ஓடுகிறது. அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்து மீன்பாடு குறைந்தது என்று அங்குள்ள மீனவர்கள் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள். நம் மாடியில் ஒரு யூனிட் விளைந்தால் உடனே அங்கே ஒரு கைப்பிடிச் சாம்பல் குறைந்துவிடும் என்று நான் கதை விட மாட்டேன். மின்சாரம் பல இடங்களிலிருந்து கலந்து வருகிறது. ஆனால் ஆயிரம் கடைகள் சேர்ந்தால் கணக்கு மாறும். நம்முடைய வசதிக்கான விலையை வேறு ஊர்ப் பிள்ளைகள் மூச்சில் கட்டுவது சரியா என்று கட்டடம் கட்டுகிற எல்லோரும் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

சரி, வீட்டுப்பாடம். டீச்சர் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட்டதுண்டா? கட்டடம் ஏற்கனவே கட்டியவர்கள் வெயில் அடிக்கிற ஒரு நாளில் மொட்டை மாடிக்குப் போங்கள். காலை 9 மணி, நண்பகல் 12, மத்தியானம் 3. மூன்று நேரமும் தொட்டி, லிஃப்ட் ரூம், பக்கத்துக் கட்டடம் இவற்றின் நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். டிசம்பரில் இன்னொரு முறை போடுங்கள், நிழல் நீண்டிருக்கும். எந்தக் கோட்டுக்குள்ளும் வராத இடம் எவ்வளவு என்று அளந்து, சதுர அடியை 100ஆல் வகுத்தால் உங்களுக்கு எத்தனை கிலோவாட் என்று தெரிந்துவிடும். இனிமேல் கட்டப்போகிறவர்கள் பிளானை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இன்ஜினியரிடம் போவதற்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்து எழுதி வைப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்